மீண்டும் இலிசுபனுக்கா?

1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. பகலில் நாற்று நட்ட கைகளும் கல்லுடைத்த கைகளும் இரவில் விளக்கடியிற் பலகை பிடித்தன. முப்பதும் முப்பத்தைந்தும் அகவை கடந்த பெண்டிர், அதுவரை மை தொட்டு நாட்டிய விரலால் தம் பெயரைத் தாமே எழுதினர். பேருந்தின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயரைப் பிறரைக் கேளாமற் படித்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றுத் தலைநிமிர்ந்து ஊர்வழியே சென்றனர். எழுத்தறிவு ஒரு மாந்தனுக்கு எத்துணைப் பெருமிதம் தருமென்பதற்கு அப்பெண்டிரின் முகமே சான்றாயிற்று.

அவ்வாறு கற்ற தாயொருத்தியை இன்று எண்ணிப் பார்க்க. அவள் இப்பொழுது பாட்டி. பேரன் பெருநகரொன்றில் வேலை பார்க்கிறான். அவன் வாங்கித் தந்த செல்பேசி அவள் கையில் இருக்கிறது. ஒருநாட் காலை புலனத்தில், அதாவது வாட்சாப்பில், பேரனிடமிருந்து செய்தி வருகிறது. "அப்பத்தா, சாப்ட்டியா? பொங்கலுக்கு வர்றேன்" என்பதே செய்தி. சொல்லெல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் ஆங்கிலம். பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள், ஓரெழுத்தும் விளங்கவில்லை. தன் பேரன் தனக்கு எழுதிய இரண்டு வரியைப் படித்துச் சொல்லுமாறு பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் செல்கிறாள். விளக்கடியில் அவள் வென்ற எழுத்தறிவைப் பேரனின் கட்டைவிரல் ஒரு நொடியிற் பறித்துவிட்டது!

இதனை எந்தச் சட்டமும் செய்யவில்லை. எந்த அரசும் ஆணையிடவில்லை. 1938இல் பள்ளிகளில் இந்தி திணிக்கப்பட்டபோது தமிழினம் கிளர்ந்தெழுந்தது. நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு 1939இல் உயிர்நீத்தனர். 1965இல் இந்தி நடுவணரசின் ஆட்சிமொழியாக வந்தபோது மாணவர் படை தெருவில் இறங்கியது. ஆணையாக வந்த பகையைத் தமிழன் உடனே இனங்கண்டான். ஏந்தாக வந்த பகையை மட்டும் இனங்காணவில்லை. காசு கொடுத்து வாங்கிச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டான்!

கருவி பகையன்று

இவ்வாறு கூறுவதால், செல்பேசியை உடைத்தெறிக என்பதோ மீண்டும் ஓலைக்குச் செல்க என்பதோ பொருளன்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஈழத்தமிழர் கொன்று குவிக்கப்பட்ட கொடுமைக்கு உலகின்முன் நின்ற சான்றுகளுள் செல்பேசியிற் பதிவான காட்சிகளும் இருந்தன. அவற்றைச் சேனல் 4 என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சி 2011இல் ஒளிபரப்பியபோது உலகம் அதிர்ந்தது. 2017 சனவரியில் ஏறுதழுவல் உரிமைக்காகச் சென்னைக் கடற்கரையில் இளையோர் திரண்டதும் செல்பேசிச் செய்திகள் கைமாறியதாலேயே. சிறு கருவியின் பேராற்றலை மறுப்பவன் அறிவிலி.

ஆனால், பேராற்றல் வாய்ந்த கருவி தன்னைப் பயன்படுத்துவோனைத் தன் போக்கிற்கு இழுக்கும் என்பதையும் மறுத்தல் இயலாது. கருவியை வாங்கியவன் தன்னை அதன் உரிமையாளன் என்று எண்ணிக்கொள்கிறான். எந்த எழுத்து முதலில் திரையில் தோன்றவேண்டும், எந்தச் சொல் முன்னே நீட்டப்படவேண்டும், எது எளிதாகவும் எது அரிதாகவும் இருக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் எங்கோ இருந்து முடிவு செய்தவன் யாரோ, அவனே உண்மை உரிமையாளன். எளிதானதையே மக்கள் செய்வர், செய்ததே பழக்கமாகும், பழக்கமே பண்பாடாகும். இதுவே கருவி குமுகாயத்தை ஆளும் முறை.

ஓலையும் அச்சும் பொறியும்

கருவி எழுத்தைத் தாக்குவது புதிதன்று. ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதினர் என்பர். மெய்யையும் உயிர்மெய்யையும் இடம்நோக்கிப் பிரித்தறியவேண்டிய இடர்ப்பாடு அதனால் நேர்ந்தது. பின்னர் அச்சு வந்தது. அவ்வரலாற்றைத் தமிழர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பொறித்தல் வேண்டும்.

1554ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டின் தலைநகரான இலிசுபனில் தமிழ்நூல் ஒன்று அச்சேறியது. 'கார்த்திலியா' எனப்படும் கிறித்தவ நெறிச் சிறுநூல் அது. மொழி தமிழ், எழுத்தோ உரோம எழுத்து! ஏன்? இலிசுபனில் தமிழ் அச்செழுத்து இல்லை. ஏதிலியான தமிழ், இரவல் எழுத்தில் ஏறி நின்றது. ஆனால் அந்நிலை நீடிக்கவில்லை. தமிழ்மக்களிடம் சென்று சேரவேண்டுமானால் தமிழெழுத்திலேயே நூல் வேண்டும் என்பதை அயலவரான கிறித்தவத் துறவியர் உணர்ந்தனர். அண்டிரிக்கு அடிகளார் முயன்றார், தமிழெழுத்துகள் வார்க்கப்பட்டன, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறே பக்கங்கொண்ட அச்சிறுநூல், இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூலாகும்.

இலிசுபனிலிருந்து கொல்லம் வர இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. ஈயத்தை உருக்கி, ஒவ்வோரெழுத்தாக வெட்டி, வார்த்து, அயலவர் தமிழுக்கு எழுத்துச் செய்தனர். இன்றைய தமிழன் கையிலுள்ள செல்பேசியிலோ தமிழெழுத்து முழுவதும் அணியமாகக் கிடக்கிறது. வார்க்கவேண்டா, வெட்டவேண்டா, விலையும் கொடுக்கவேண்டா. இருந்தும் அவன் உரோம எழுத்திலேயே தமிழை எழுதுகிறான். அயலவன் கொல்லத்திற்குக் கொண்டுவந்து சேர்த்த தமிழெழுத்தைத் தமிழனே மீண்டும் இலிசுபனுக்குக் கப்பலேற்றுகிறான்! இதனினும் இழிவு வேறுண்டா?

தட்டச்சுப்பொறி வந்தபோதும் இடர்ப்பாடு நேர்ந்தது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் சிறு பொறிக்குள் அடக்குவது எவ்வாறென மலைத்து நின்றோர் பலர். யாழ்ப்பாணத்தில் பிறந்த இரா. முத்தையா தளராமல் முயன்று தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தார். பெரியார் 1935இல் தம் இதழிற் கையாண்ட எழுத்துச் சீரமைப்பைத் தமிழக அரசு 1978இல் ஆணையிட்டு ஏற்றது. அச்சீர்திருத்தம் பற்றித் தமிழறிஞரிடையே இருவேறு கருத்துகள் இருந்தன; இருக்கட்டும். அது மேடையிற் பேசப்பட்டது, இதழ்களில் எதிர்த்தும் ஏற்றும் எழுதப்பட்டது, பின்னரே ஆணையாயிற்று. இன்று நடக்கும் எழுத்து மாற்றத்தைப் பற்றிப் பேசியவர் யார்? ஒப்பியவர் யார்? ஒருவருமிலர். பேச்சின்றி, ஒப்புதலின்றி, கட்டைவிரலால் நடக்கிறது!

உரோம எழுத்து வழியே தமிழ்

"எழுத்து வெறும் உடைதானே, மொழி உள்ளே இருக்கிறதே, பழந்தமிழியும் வட்டெழுத்தும் இன்றைய எழுத்தும் ஒன்றா?" என்று வினவுவோர் உளர். வடிவு மாறியது உண்மை, முறை மாறவில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிரும் மெய்யும் கூடினால் உயிர்மெய் என்னும் தொல்காப்பிய அடிப்படை, கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தாளிலும் அப்படியே நின்றது. உரோம எழுத்தோ அம்முறையையே அழிக்கிறது. அதில் ந, ன, ண மூன்றும் ஒன்று. ல, ள இரண்டும் ஒன்று. ர, ற இரண்டும் ஒன்று. எகரமும் ஏகாரமும் ஒன்று. ஒகரமும் ஓகாரமும் ஒன்று. பள்ளியும் பல்லியும் ஒன்றாகும். மரமும் மறமும் ஒன்றாகும். கொடுவும் கோடுவும் ஒன்றாகும். மொழியின் எலும்பை முறித்துவிட்டு உடைதானே என்பது எத்தகைய அறிவு?

இன்னொரு கேடும் உண்டு. தமிழில் ககரம் ஒன்றே. அஃது இடத்திற்கேற்ப ஒலிக்கும். காக்கையில் வல்லென்றும் மகனில் மெல்லென்றும் ஒலிப்பதைத் தமிழ்க்குழந்தை கல்லாமலே அறியும். உரோம எழுத்தில் தமிழெழுதப் பழகியவனோ ஒவ்வோரொலிக்கும் ஒவ்வோரெழுத்தைத் தேடுகிறான். தேடிக் கிடைக்காதபோது "தமிழில் எழுத்துப் போதவில்லை" என்று குறைகூறத் தொடங்குகிறான். வடவெழுத்தை வரவேற்க வாயில் திறப்பது இக்குறைகூறலே. அளவுகோல் அயலானுடையதாயின், அளக்கப்படுவது என்றும் குறையாகவே தோன்றும்.

இனிக் கூறப்போவது தமிழார்வலருக்கே கசக்கும். "தமிழெழுத்திலேயே எழுதுகிறோம்" என்று தருக்கித் திரிவோருட் பலரும், உரோம எழுத்தை ஒலிப்படித் தட்டித் திரையில் தமிழெழுத்தை வரவழைப்போரே. திரையில் தமிழ், விரலில் ஆங்கிலம்! தனித்தமிழ்க் கூட்டத்திற்கு விடுக்கும் அழைப்பும் ஆங்கில எழுத்தின் முதுகிலேறி வருகிறது. பிழையாகத் தட்டினும் கருவி ஒரு சொற்பட்டியலை நீட்டுகிறது. அதிலொன்றைத் தொட்டால் போதும். எந்த னகரம், எந்த லகரம் என்று எண்ணும் பொறுப்பு எழுதுவோனைவிட்டுக் கருவிக்குப் போய்விட்டது. மக்கள் மிகுதியாக எழுதும் கலப்புச் சொல்லையே பட்டியல் முன்னே நீட்டும். நீட்டியதையே மக்கள் மேலும் எழுதுவர். இவ்வாறு கலப்பு கலப்பை வளர்க்கும்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு, கால் நூற்றாண்டாக உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. உயிரெழுத்துகள் இடக்கைப்புறம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப்புறம், வடவெழுத்துகள் மாற்றுவிசையின்கீழ் ஒதுக்கப்பட்டன. மெய்க்குரிய விசையைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய் இரட்டிப்பின் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'ன' தட்டி 'ற' தட்டினால் னகரம் தானே புள்ளி பெறும். தமிழிலக்கணமே விசைப்பலகையாகி நிற்கிறது! 'நன்றி' என்பதற்கு நான்கு தட்டு. உரோம எழுத்திலோ ஆறு. 'வணக்கம்' என்பதற்கு ஆறு தட்டு. உரோம எழுத்திலோ எட்டு. விரைவு விரைவு என்று கூவுவோர் எண்ணிப் பார்க்க! மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் என்னும் செயலி, இவ்விசைப்பலகையைச் செல்பேசியிலேயே தருகிறது. கருவி இருக்கிறது; கற்பதற்குச் சில நாள்களே தேவை; அச்சில நாள்களைத் தமிழுக்குத் தரத் தமிழனுக்கு உள்ளமில்லை!

குறியேற்றத்தில் யார் கோல்?

விசைப்பலகைக்குக் கீழே இன்னோர் அடுக்கு உள்ளது. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுப்பதே குறியேற்றம். உலக மொழிகட்கெல்லாம் எண் வகுக்கும் ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு நூற்றிருபத்தெட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வொதுக்கீடு தமிழிலக்கணத்தைப் பார்த்துச் செய்யப்பட்டதன்று. நடுவணரசு 1988இல் வகுத்த, தேவநாகரியை அச்சாகக் கொண்ட, பொதுக் குறியேற்றத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஆதலின் தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளின் இடங்கள் வெற்றிடங்களாகக் கிடக்கின்றன. அதனினும் கொடியது வேறு. தொல்காப்பிய நெறியில் 'க்' என்பதே அடிப்படை. அதனோடு அகரம் சேர 'க' ஆகும். ஒருங்குறியிலோ 'க' அடிப்படை. அதனோடு புள்ளி என்னும் தனிக்குறி சேர்த்தாலே 'க்' ஆகும். தமிழின் மெய்க்கு அங்குத் தனியிடமே இல்லை!

இதனைத் திருத்தவியலுமா? ஒருமுறை தந்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் உறுதியான நெறி. அச்சேர்த்தியத்தில் முழு வாக்குரிமை பெற்றோர் பெரும்பாலும் பெருங்கணினி நிறுவனங்களே. தமிழெழுத்துகட்கெல்லாம் தனியிடம் தரும் பதினாறு நுண்மிக் குறியேற்றத்தைத் தமிழக அரசு 2010இல் ஏற்றதுதான்; ஆனால் செல்பேசிகளில் அது வழக்கிற்கு வரவில்லை. எண் வகுத்த நாளில் தமிழர் விழித்திருக்கவில்லை. விழித்தபோது எண் வகுத்தாயிற்று!

விழித்திருந்தால் என்ன நிகழும் என்பதற்கும் அதே 2010 சான்று தருகிறது. தமிழின் இடத்திலேயே கிரந்த எழுத்துகளை ஏற்றவேண்டுமென்னும் முன்மொழிவு அவ்வாண்டில் ஒருங்குறிச் சேர்த்தியத்தின்முன் இருந்தது. தமிழறிஞர் எதிர்த்தெழுந்தனர். நவம்பரில் தமிழக அரசு, கிரந்தம் பற்றிய முடிவை நிறுத்திவைக்குமாறு நடுவணரசை வலியுறுத்தியது. தமிழிடத்தில் கிரந்தம் நுழையவில்லை. 2014இல் வேறோரிடத்தில் தனியே வைக்கப்பட்டது. எதிர்த்தால் தடுக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மறந்தோரும் மறவாதோரும்

பிறநாட்டார் பட்டறிவும் கண்முன் உள்ளது. துருக்கி 1928இல் சட்டத்தால் அரபு எழுத்தைவிட்டு இலத்தீன எழுத்திற்கு மாறியது. துருக்கிமொழி அழியவில்லை, ஆனால் பாட்டன் எழுதிய மடலைப் பேரன் படிக்கவியலவில்லை. முந்நூலகங்கள் பின்மக்கட்குப் பூட்டிய அறைகளாயின. சீனமோ எழுத்தை மாற்றவில்லை. எனினும் அங்குச் செல்பேசியில் உரோம எழுத்தால் ஒலியைத் தட்டிப் பட்டியலிலிருந்து சீன எழுத்தைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் பரவியது. விளைவு? கற்றவரும் எழுதுகோலை எடுத்தால் எழுத்து மறந்து திகைக்கின்றனர். அம்மறதிக்கு ஒரு பெயரே வைத்துவிட்டனர். உரோம எழுத்து வழியே தமிழை வரவழைக்கும் தமிழன் நடக்கும் பாதை அதுவே.

கொரியரைப் பார்க்க. செசோங்கு அரசர் 1446இல் அளித்த எழுத்தை அவர்கள் உயிரெனப் போற்றுகின்றனர். எண்விசை மட்டுமே இருந்த சிறு செல்பேசி வந்தபோது, "இதில் எங்கள் எழுத்து அடங்காது" என்று அவர்கள் இரவல் தேடவில்லை. விண், மண், மாந்தன் என்னும் மூன்றன் அடையாளமாகப் புள்ளி, கிடைக்கோடு, நிலைக்கோடு ஆகியவற்றை மூன்று விசையில் வைத்தனர். அம்மூன்றால் உயிரெழுத்து அனைத்தையும் ஆக்கினர். தம் எழுத்து பிறந்த நெறியிலேயே கருவியை வளைத்தனர். 1998இல் கொரிய எழுத்துச்செயலி ஒன்றை ஆக்கிய உள்நாட்டு நிறுவனம் நொடித்தது. அச்செயலியைக் கைவிட்டால் பணம் தருவதாக மைக்கிரோசாப்டு நிறுவனம் உடன்பாடு கண்டது. கொரிய மக்கள் கொதித்தெழுந்து பொருள் திரட்டினர், உடன்பாடு முறிந்தது, செயலி பிழைத்தது. தம் எழுத்திற்காகத் தெருவில் நின்ற அவ்வினத்தின் எழுத்தை இன்று எந்தப் பெருநிறுவனமும் புறக்கணிக்கத் துணியாது.

இரங்கலும் மூன்றெழுத்து

எழுத்தோடு நின்றதா கேடு? இல்லை, உள்ளத்திற்கும் சென்றது. ஊரில் ஒருவர் இறந்தால் ஓடிச் சென்று தோள்தழுவி அழுதவன் தமிழன். கையறுநிலை என்று தனித்துறை வகுத்துப் பாடியவர் தமிழ்ப்புலவர். எழுத்தறியாத் தாயரும் இறந்தவரின் பண்பை அடுக்கிப் புதிது புதிதாக ஒப்பாரி கட்டினர். இன்றோ இறப்புச் செய்தி புலனக் குழுவில் வந்த நொடியே, 'ஆர்.ஐ.பி.' என்னும் மூன்று ஆங்கில எழுத்து விழுகிறது; அதன்கீழ் கைகூப்பிய படமொன்று; அதன்கீழ் அதே மூன்றெழுத்து; அதே படம். அடுத்த நொடி, அதே குழுவில் நகைச்சுவைத் துணுக்கு!

இறந்தவரைப் பற்றி ஒரு சொல், ஒரே ஒரு சொல், தன் மொழியில் தானாக எண்ணி எழுதவியலாதா? இயலும். ஆனால் எண்ணுமுன்னே கருவி அணியமான இரங்கலை நீட்டுகிறது; விரல் தொடுகிறது; கடமை முடிந்துவிடுகிறது. சொல்லைத் தேடும் உழைப்பில்தான் இரக்கம் பிறக்கிறது. அவ்வுழைப்பைக் கருவியிடம் ஒப்படைத்தவன் இரக்கத்தையும் உடன் ஒப்படைக்கிறான். மொழிச்சோம்பல் அறச்சோம்பலாவது இவ்வாறே.

செய்யத் தக்கன

கருவியைத் துறக்கவேண்டா, ஆள்க! தமிழாசிரியர் ஒவ்வொருவரும் முதலில் தாம் தமிழ்99 கற்க. பின் மாணவர்க்குக் கற்பிக்க. தமிழியக்கத்தார் தம் அழைப்பும் அறிக்கையும் தமிழ்விசையாலேயே எழுதுக. பெற்றோர், பிள்ளை கையிற் செல்பேசியைக் கொடுக்கும் நாளிலேயே அதில் தமிழ் விசைப்பலகையை முதலில் நிறுத்திக் கொடுக்க. தமிழக அரசு, தன் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தமிழ்99 தட்டச்சைக் கட்டாயமாக்குக. ஒருங்குறிச் சேர்த்தியத்தில் தமிழின்பொருட்டு வாதாடும் அறிஞர்குழுவை ஓய்வின்றி அமர்த்துக. வணிகர் மக்களின் பழக்கத்தையே பார்ப்பர். பழக்கம் மாறினால் கருவியும் மாறும்.

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியபோது அவருக்கு இன்றுள்ள ஏந்துகளில் பத்திலொரு பங்கும் இல்லை. இருந்தது தமிழுள்ளம் ஒன்றே. ஏந்து இல்லாதபோது எழுத்தைக் காத்த இனம், ஏந்து கொழித்தபோது எழுத்தை இழந்தது என்று வருங்கால வரலாறு எழுதலாமா?

பேரன் எழுதுக, தமிழெழுத்தில் எழுதுக. ஊரிற் பாட்டி தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குச் செல்லாமல், பொங்கலுக்கு வருகிறான் என்பதை எழுத்துக்கூட்டித் தானே படித்து மகிழ்க. அவள் விளக்கடியில் வென்றதைப் பறிக்க அவள் பேரனுக்கும் உரிமையில்லை!

தமிழெழுத்து வெல்க! தமிழர் கருவி தமிழால் இயங்குக!